இதி என்று நான் கூப்பிட மாட்டேன்

மகனே,

கடிதம் என்றால் "அன்புள்ள" என்று போட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். இன்றைக்கு உன்மேல் அன்பாக இருக்க என்னால் முடியவில்லை. காலையில் ஹாஸ்டல் பெண்களுக்கு இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். தட்டோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். "மா, பாப்பாக்குப் பேரு செலக்ட் பண்ணியாச்சி. இதி. ரெண்டே எழுத்து, ஸ்டைலா கீது பாரு. நெட்ல 'முடிவு'ன்னு அர்த்தம் போட்டுகிறான். கலையோட அப்பா ஜோசியர்கிட்ட கேட்டுட்டாரு. இந்த மாதிரி பேரு வச்சா அடுத்தது கண்டிப்பா பையன்தானாம். உன் பேரு மாதிரி அசிங்கமாவும் இல்ல, மேட்டரும் முடிஞ்சிடும். ஞாயித்துக்கெழம வந்து நீதான் காதுல சொல்லணும். உனுக்குத்தான் அந்த ராசி கீது." பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சிரித்துக்கொண்டே முடித்துவிட்டாய். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துதான் சாம்பாரைக் கிளறினேன்.

போன் போட்டுத் திட்டியிருக்கலாம். ஆனால் நீ எடுத்தவுடன் "மா, கம்பெனி லைன்ல கீறேன், அப்பறம் பேசறேன்" என்பாய். நானும் வாய்ஸ் மெசேஜில் பதில் பேசிப் பார்த்தேன். வெறும் திட்டாகவே வந்தது, அழித்துவிட்டேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன், வருகிறதா பார்ப்போம். கவரை ஒட்டாமல்தான் கொடுத்து அனுப்புவேன். உன் மனைவி கலைவாணி படிக்கட்டும். மறைமலை நகரில் இருக்கும் உன் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும். ஊரே படித்தாலும் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

உன் அம்மாவின் பெயர் போதும்பொண்ணு. இது உனக்குத் தெரியாததா என்று கேட்பாய். தெரியும், ஆனால் நீ ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் அம்மா பெயர் கேட்டபோது 'பொன்னி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் திருத்தணிப் பக்கத்தில் ஒரு வீட்டில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். அக்காக்களுக்கு லட்சுமி, மல்லிகா, கோமதி என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். என் முறை வந்தபோது யாருக்கும் பெயர் யோசிக்கிற பொறுமை இல்லை. வரிசையாகப் பெண் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு, இல்லாவிட்டால் வேண்டாம் என்றே பெயர் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பெயரைத் தெருவில் கூப்பிடக் கூப்பிட சாமியின் காதில் விழும், சாமி அடுத்த தடவை பையனை அனுப்பும் என்று கணக்கு. ஆக, என்னை யார் கூப்பிட்டாலும் அது என்னைக் கூப்பிட்டதாகாது. என் தலைக்கு மேலே சாமிக்குப் போட்ட மனு அது. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயர் வந்தால் ஒரு சிரிப்பு கிளம்பும். இன்றைக்கும் பேங்கில் என் பெயரைப் படிக்கிறவர்கள் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பாஸ்புக்கைக் கொடுக்கிறார்கள்.

எனக்குப் பின்னால் உன் மாமா பிறந்தான். பிறந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். பெற்று எழுந்த என் அம்மாவுக்குக்கூடக் கொடுக்கவில்லை, முதல் தம்ளர் எனக்குத்தான். "அவளுக்கு முதல்ல குடுங்கடி, அவ பேருதான் பலிச்சிச்சி" என்று என் அப்பா சொன்னார். நான் பல்லை இளித்துக்கொண்டு குடித்தேனாம். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் மகிழ்வார்கள். அதற்குப் பிறகு எனக்கு ராசிக்காரி என்று பட்டம். சுற்றுவட்டாரத்தில் பெண்ணுக்கு மேல் பெண்ணாகப் பெற்ற வீட்டுக்காரர்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்து, குழந்தையை என் மடியில் போட்டு, காதில் பெயர் சொல்லச் சொல்வார்கள். ஒரு வீட்டில் குழந்தையைப் பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "எம்மா, நல்லா சத்தமா சொல்லு, அரைகுறையா சொல்லிட்டுப் போயிடாத" என்று அந்த வீட்டுக்காரன் சொன்னான். நான் சொன்னேன். படுத்திருந்தவளின் முதுகு ஒரு தடவை குலுங்கியது, அவ்வளவுதான். எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, கேட்க வேண்டியவர்கள் மீசையோடு சுற்றி நின்றார்கள். அந்த வீட்டில் அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தது. "ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல, வாய் விளங்கலை" என்று என்னைத் திட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அந்த ராசியைத்தான் நீ இப்போது தோண்டி எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா என்கிறாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பாப்பாவுக்கு 'போதும்' என்று அர்த்தம் வருகிற பெயர் வைக்கலாம் என்ற பேச்சு வந்து நான் கோபித்துக்கொண்டபோது, உன் மாமனார் என்னிடம் ஒரு நியாயம் பேசினார். அது உன் காதிலும் விழுந்தது, நீ தலையை ஆட்டினாய். "இன்னா சம்மந்தி இப்டி கோச்சிக்கிறீங்க. உங்க வூட்டுக்காரரு பேரு குப்பன். குப்பைன்னுதான் அர்த்தம். அதனால அவுரு இன்னா கெட்டாப் போயிட்டாரு?" என்றார். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன், படித்துக்கொள்ளுங்கள் சம்மந்தி. உன் அப்பாவுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று பிறந்தவுடன் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன் என்று பெயர் வைத்தார்கள். இது வெறும் குப்பை, உனக்கு வேண்டாம், விட்டுவிடு என்று எமனை ஏமாற்றுகிற வேலை அது. பிச்சை என்று வைப்பதும் அப்படித்தான். பையனுக்கு அசிங்கமாகப் பெயர் வைத்தது அவனைக் கையில் பிடித்து வைத்துக்கொள்வதற்கு. எங்களுக்கு வைத்தது இடத்தைக் காலி பண்ணு, பின்னால் ஆள் வருகிறது என்று சொல்வதற்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிற மனுஷரோடு நான் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

இட்லி வரிசையில் நின்றவர்களில் ஒருத்தியின் பெயரே இதி. உனக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். வங்காளத்திலிருந்து வந்தவள், இங்கே சுங்குவார்சத்திரம் ஃபேக்டரியில் செல்போன் பாகங்களைப் பூட்டுகிற லைனில் வேலை. உன் மெசேஜைக் கேட்டதும் அவள் தட்டை மேடையில் வைத்துவிட்டு, "அக்கா, என் பேரு ஏன் உங்க பையன் சொல்றார்?" என்று கேட்டாள். பேத்திக்கு வைக்கப் போகிறான் என்றேன். "எத்தனாவது பொண்ணு?" என்றாள். எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டாள். மூன்றாவது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவர்கள் ஊரில் கடிதம் எழுதி முடிக்கிற இடத்தில் அந்த வார்த்தையைப் போடுவார்களாம். சமஸ்கிருதத்தில் 'இப்படியாக' என்று பேச்சை முடித்து வைக்கிற சொல் அது என்று ஸ்கூலில் சொன்னார்களாம். அழகான சொல்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் அதைப் பேச்சை முடிக்க வைக்கவில்லை. "நான் அஞ்சாவது பொண்ணு அக்கா. என்னோட முடிஞ்சதுன்னு இதி வெச்சாங்க. அப்புறமும் தங்கச்சி வந்தது. அதுக்கு சமாப்தி. அதுவும் முடிஞ்சதுதான். அப்புறம்தான் தம்பி." தம்பிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "ராஜா," என்றாள். பின்னால் நின்ற தேனிப் பக்கத்துப் பெண் அழகேஸ்வரி சிரித்துவிட்டு, "எங்க ஊர்லயும் போதும்பொண்ணு ரெண்டு பேரு இருக்காகக்கா. ஒருத்திக்கு அப்புறம் நாலு தங்கச்சி. சாமிக்குக் காது கேக்கல போல" என்றாள்.

அதோடு விட்டார்களா? எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. சோலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், அவர்கள் மராத்தியில் நகுசா என்று வைப்பார்கள் என்றாள். வேண்டாதவள் என்று அர்த்தம். அவளுடைய சித்திக்கே அந்தப் பெயர்தானாம். இந்தி பேசுகிறவள் அந்திமா என்று ஒரு பெயர் சொன்னாள், கடைசிப் பெண். மிஷின் மாட்ட வந்த சீனாக்காரப் பெண் ஒருத்தி இவர்களுக்கு ட்ரெய்னிங் கொடுத்தாளாம். அவள் பெயர் ஜாவ்தி. என்ன அர்த்தம் என்று இவர்கள் கேட்டதற்கு, போனில் மொழிபெயர்த்துக் காட்டினாளாம்: 'தம்பியைக் கூப்பிடு'. அத்தனை தூரம் கடல் தாண்டி வந்து இத்தனை பெரிய மிஷினை ஓட்டக் கற்றுக் கொடுக்கிறாள், பெயர் என்னவோ இன்னும் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நான் கரண்டியோடு நின்று எல்லோரையும் ஒன்று கேட்டேன். உங்கள் ஊரில் எங்கேயாவது ஒரு பையனுக்குப் போதும்பையன் என்று பெயர் உண்டா? ஏழெட்டுப் பையன் வரிசையாகப் பிறந்த வீட்டில்கூட? எல்லோரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது, கிளம்பிப் போய்விட்டார்கள். இதி மட்டும் சாப்பிடாமலே போனாள். அவள் தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

என் அப்பனுக்குப் படிப்பு கிடையாது. அவன் அசிங்கத்தைத் தமிழிலேயே வைத்தான், ஊருக்கே தெரிந்தது. நீ டிப்ளமோ படித்தவன். ஒரகடத்தில் முப்பது பேர் உன் கீழே வேலை செய்கிறார்கள். நீ என்ன செய்தாய்? போனை எடுத்து, பார்ப்பதற்கு அழகாக இருந்து உள்ளே 'போதும்' என்று அர்த்தம் வருகிற பெயர் எந்த மொழியில் கிடைக்கும் என்று தேடியிருக்கிறாய். தேடுகிற இடத்தில் என்னவென்று அடித்தாய்? சொல்லிப் பார், கூசுகிறதா இல்லையா என்று பார்ப்போம். ஃபேன்சி கடையில் வளையல் பொறுக்குவது மாதிரி ஒன்றொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இதுதான் ஸ்டைலாக இருக்கிறது என்று எடுத்திருக்கிறாய். என் அப்பன் மேல் எனக்கு வருகிற அருவருப்பைவிட உன் மேல் வருகிற அருவருப்பு அதிகமாக இருக்கிறது, பெற்றவளே இதை எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும், அதே போன் அதன் கையிலும் இருக்கும். என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அதுவும் தேடும். அன்றைக்கு நீ அதன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாய்? ஸ்டைலாக இருந்தது பாப்பா என்றா?

இன்னொன்று சொல்கிறேன். போதும் என்று பெயர் வைக்கிற எந்த வீட்டிலும் போதும் என்று நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்தாலும் அதைக் கேட்டு நடுங்குகிறவள் அதைப் பெற்றவள்தான். இன்னும் ஒரு தடவை உன்னை விடமாட்டோம் என்று அவளுக்குச் சொல்கிற பெயர் அது. கலைவாணிக்கு இது மூன்றாவது சிசேரியன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் வெளியே வந்து உன்னிடம் கேட்டாள், "சார், உள்ள தையல் போட்ட எடம் ரொம்ப மெல்லிசா இருக்கு. இன்னொரு தடவை தாங்காதுன்னு டாக்டர் சொல்றாங்க. இப்பவே ட்யூப் கட்டிடலாம், உங்க வைஃப் சரின்னுட்டாங்க, நீங்க என்ன சொல்றீங்க?" நீ மாமனார் முகத்தைப் பார்த்தாய். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "வேணாம் சிஸ்டர், அப்பறம் பாத்துக்கலாம்" என்றாய். வயிற்றைக் கிழித்துப் படுத்துக் கிடக்கிறவள் சரி என்று சொன்னதற்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன் வேண்டாம் என்றது செல்லுபடியாகிவிட்டது. அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்றைக்கு மத்தியானம் நீ ஷிஃப்டில் இருந்தபோது கலைவாணி எனக்குப் போன் பண்ணினாள். நான் சொன்னேன் என்று அவளை நீ குடைய ஆரம்பித்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன், ஜாக்கிரதை. "அத்தே, எனுக்கு பயமா கீது அத்தே. அந்தப் பேர வச்சிட்டா பையன் பொறக்கற வரைக்கும் உட மாட்டாங்க. டாக்டரம்மா சொன்னத நானே கேட்டேன். இதுங்க மூணுத்தயும் உட்டுட்டு நான் போயிடுவேனோன்னு கீது" என்றாள். பின்னால் பெரியவளும் சின்னவளும் தொட்டிலை ஆட்டுவதற்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் உன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது இது. உன் வீட்டில் உயிரோடு இருக்கலாமா என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது.

உனக்கு என்ன பெயர் வைக்க ஆசை என்று அவளைக் கேட்டேன். "என்னியா கேக்கறீங்க அத்தே?" என்றாள். இதுவரை இரண்டு பிள்ளைக்கும் அவளை யாரும் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு, "அமுதா அத்தே" என்றாள். ஏன் என்று கேட்டேன். "எட்டாவதுல எங்களுக்கு சயின்ஸ் எடுத்த மிஸ்ஸு பேரு. ஸ்கூட்டியில வருவாங்க. மழ வந்தா கூட சிரிச்சிகினே வருவாங்க" என்றாள். அவ்வளவுதான் காரணம். எந்த மொழியில் என்ன அர்த்தம் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. அவளுக்குப் பிடித்த ஒரு மனுஷி, அந்த மனுஷி மாதிரி தன் பிள்ளையும் சிரித்துக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு பெயருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாக இருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் கட்டாயம் வருகிறேன். குழந்தையை என் மடியில் போடு. சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைத்து, வலது காதில் அமுதா என்றுதான் சொல்வேன். சின்ன வயசில் அந்த வீட்டுக்காரன் கேட்டபடி நல்ல சத்தமாக, உன் மாமனார் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். பிடிக்காதவர்கள் சாப்பிடாமல் கிளம்பலாம், பந்தியில் இலை மிச்சம்.

இத்தனை நாள் உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் நீ ஏன் ஒற்றைப் பிள்ளை என்று கேட்பார்கள், போதும்பொண்ணு ராசி ஒன்றோடு தீர்ந்துவிட்டது என்று கிண்டல் பண்ணுவார்கள், நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ராசி எல்லாம் ஒன்றுமில்லை. நீ பிறக்கும்போது நான் பிழைத்ததே பெரிது. நீ எழுந்து நடக்க ஆரம்பித்தவுடன், யாரிடமும் சொல்லாமல் உன் அப்பா காஞ்சிபுரம் பஸ் ஏறிப் போய் ஆண்களுக்குப் பண்ணுகிற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைப் பண்ணிக்கொண்டு வந்தார். சாயந்திரம் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, "நமக்கு இவன் ஒருத்தன் போதும்மே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். என் வாழ்நாளில் அந்தச் சொல்லை எனக்காக ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். குப்பைமேட்டில் புரட்டி எடுத்த மனுஷன் செய்த காரியம் அது. இப்போதும் எதிரே உட்கார்ந்து நாளைக் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம் என்கிறார்.

போதும் என்று சொல்ல உனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால், பிறந்த குழந்தையின் காதில் போய்ச் சொல்லாதே. டாக்டரிடம் போய்ச் சொல். உனக்குச் சின்ன ஆபரேஷன்தான், கலைவாணிக்கு மாதிரி வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். திங்கட்கிழமைக்கு லீவு போடு. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், "நான் கூட வரேன்னு எழுதும்மே, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு அவனுக்கே குடுக்கறேன்" என்கிறார் உன் அப்பா.

உன் அம்மா,
போதும்பொண்ணு